இருபத்துநாலு சிவப்புப் பொட்டு

"பாதிப் படமாவது வித்தா வேலையை விடு. இல்லன்னா பிரஷ்ஷைப் பரண்ல போட்டுட்டு, குடுக்கிற பிரமோஷனை வாங்கிக்கோ."

அப்பா சொன்னால் சொன்னதுதான். பீங்கான் தட்டு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் தரம் பார்த்தவர். பத்துத் தட்டு வந்தால் எட்டைக் கழித்துவிடுவார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே சல்லடை. வீட்டிலும் அதே கண்தான். மகள் ஆறு வயதில் வரைந்த யானையிலிருந்து போன வாரம் முடித்த படம் வரை எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதில்லை. "ம்" என்பார். அந்த "ம்"முக்கு அர்த்தம் தேடியே அவளுக்கு முப்பது வயதாகிவிட்டது.

இன்று அவளுடைய முதல் கண்காட்சி. ஒரு நாளைக்கு எடுத்த கூடம், சுவர் நிறைய இருபத்துநாலு படங்கள். வெளியே காலையிலிருந்து மழை பிய்த்து உதறியது. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல். சம்மதக் கடிதத்தில் ஐந்து மணிக்குள் கையெழுத்து வேண்டுமாம். போனால் தினம் பன்னிரண்டு மணி நேர வேலை. படம் வரைவதைத் தலைமுழுக வேண்டியதுதான். நேரில் கெஞ்சி ஒரு வாரம் தவணை கேட்கலாம் என்று கிளம்பினாள். துணைக்கு வந்திருந்த அப்பாவை மேசையில் உட்காரவைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "ம்" என்றார்.

தவணையெல்லாம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். கடிதத்தைப் பையில் செருகிக்கொண்டு, குடையையும் மீறி நனைந்து, நாலரை மணிக்குத் திரும்பி வந்தவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முதல் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

விற்றுப்போன படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது கண்காட்சிகளில் வழக்கம். கூடத்து மேலாளர் காலையில் ஒரு தாள் நிறையப் பொட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் இரண்டு செலவானாலே போதும் என்று நினைத்திருந்தாள். இப்போது அடுத்த படத்திலும் பொட்டு. அதற்கடுத்ததிலும். இரண்டு தடவை எண்ணினாள். இருபத்துநாலும் இருந்தன.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே அவ்வளவு சேறு இருந்தும் தரை பளிச்சென்று இருந்தது. வந்துபோன கூட்டம் மிதித்த தரையைக்கூட அப்பா துடைத்து வைத்திருக்கிறாரே என்று உருகிப்போனாள்.

"ஒண்ணுகூட விடலையாப்பா?"

"விட முடியலம்மா" என்றார் அப்பா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. பிறகு, நனைந்து வந்திருக்கிறாளே என்று டீ வாங்க எதிர்க்கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அதிகாரியைக் கூப்பிட்டாள். பிரமோஷன் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன் போனை வைத்தாள். பயமாக இருந்தது, ஆடவேண்டும் போலவும் இருந்தது.

அப்போதுதான் சொட்டச் சொட்ட ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கட்டட வடிவமைப்பாளராம். புதிதாகக் கட்டும் மருத்துவமனை ஒன்றின் அறைகளுக்குப் படம் தேடிக்கொண்டிருக்கிறாராம். ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று பார்த்தார். பொட்டுகளைக் கவனித்ததும் முகம் விழுந்துவிட்டது.

"எல்லாம் போயிடுச்சா? நான்தான் லேட்டு. பரவாயில்ல, நீங்களே புதுசா வரைஞ்சு குடுங்க. மாசம் நாலு படம், ரெண்டு வருஷத்துக்கு. முடியுமா?"

முடியுமாவா? எழுதிக்கொள்ளத் தாள் வேண்டும் என்றார் அந்த அம்மாள். அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது பையிலிருந்த சம்மதக் கடிதம்தான். அதன் எழுதாத பக்கத்தில் ஒப்பந்தத்தை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர் போன கையோடு அப்பா இரண்டு டீயுடன் வந்து சேர்ந்தார்.

"அப்பா, வாங்கினவங்க பேரு, நம்பர் எல்லாம் எழுதி வச்சீங்களா? படத்தை அனுப்பணுமே."

"யாரு வாங்கினா? இந்த மழைல ஒருத்தரும் உள்ள வரலையே."

அவள் சுவரைக் காட்டினாள். "அப்ப இந்தப் பொட்டு?"

"எங்க ஃபேக்டரில பாஸான தட்டுக்கு இந்த மாதிரிதான் ஒட்டுவோம். சும்மா உக்காந்திருந்தேனா, ஒவ்வொண்ணா பாத்தேன்" என்றார் அப்பா. "முப்பத்து மூணு வருஷத்துல ஒண்ணையும் கழிக்காம எல்லாத்தையும் பாஸ் பண்ணினதே இல்லம்மா. இன்னைக்குத்தான்."