மூக்கடைப்புக்காரன்

"மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா மூச்சு சீராயிடும், வாசனையும் நல்லா தெரியும்," என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர்.

"வேணாம் டாக்டர். மாத்திரையே குடுங்க," என்றாள் ஹேமாவதி அவசரமாக.

"ராத்திரியில மூச்சுத் திணறுதுன்னு அழுதுகினே இட்டாந்தவளே நீதான," என்றான் அவள் கணவன் சபரிநாதன். "கத்தி எனக்கு. நீ இன்னாத்துக்கு நடுங்குற?"

அவள் எப்படிச் சொல்வாள்? கும்மிடிப்பூண்டி இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை. எந்த சோப்புக்கும் போகாத கவிச்சி. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். பெண் பார்க்க வந்தவர்களில் முகம் சுளிக்காதவன் இந்த மூக்கடைப்புக்காரன் ஒருவன்தான். அந்த அடைப்பும் திறந்துவிட்டால்?

"வாசனை தெரியாம எவ்ளோ நாளா கஷ்டப்படுறீங்க?" என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

ஹேமாவதி விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"மூச்சுதான் டாக்டர் பேஜாரு. வாசனைக்கு ஒரு கொறையும் இல்ல," என்றான் சபரிநாதன். "வேலை முடிஞ்சி இவ தெருமுனை திரும்புறப்பவே எனக்கு வாசனை வந்துடும். அப்பதான் டீக்கு அடுப்பையே பத்த வெப்பேன்."