பதினேழாம் குடுவை

"பார்வதி இருக்காளாம்மா?"

கலியமூர்த்தி செருப்பை வாசலில் கழற்றினார். கொண்டுவந்த முழம் மல்லிகையை ஆய்வகத்துக்குள் எடுத்துப் போகக் கூடாது என்பது தெரியும். கதவுக் கைப்பிடியில் சுற்றினார்.

"இருக்காங்கய்யா. வாங்க" என்றாள் ஆய்வக உதவியாளர் துர்கா.

வருகிற வெள்ளிக்கிழமையோடு பார்வதி இறந்து ஒரு வருஷம். ஆபரேஷனில் எடுத்த புற்றுநோய்க் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களைக் குடுவையில் வளர்த்துக்கொள்ள அவர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, மைக்ரோஸ்கோப்பில் மனைவியைப் பார்த்துவிட்டுப் போவார்.

"வெள்ளிக்கெழம தெவசம் குடுன்னு எம் பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. உசுரோட இருக்கறவளுக்கு எப்பிடிம்மா எள்ளும் தண்ணியும் எறைக்கிறது?"

பார்வதியின் செல்கள் மிச்சமிருந்த ஒரே குடுவையான பதினேழாம் குடுவையை, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரில் வைக்காமல் மேசை மேலேயே மறந்துவிட்டுப் பொங்கல் லீவுக்குப் போனவள் துர்காதான். திரும்பி வந்தபோது அதில் ஒரு செல்கூட உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அவருக்குக் காட்டுவது வேறு குடுவை. விலைக்கு வாங்கிய குரங்கு செல்கள்.

முதல் தடவை பார்த்தபோது, "இவ அவ இல்லியே" என்றார். கண்ணாடியை மாற்றச் சொல்லிச் சமாளித்தாள். போன மாதம், "அவ பக்கத்துல யாரோ நிக்கிறாப்ல இருக்கு" என்றார்.

இன்று கண்ணை வைத்ததுமே சிரித்துவிட்டார். "வந்துட்டா!"

"யாருய்யா?"

"அவதான். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணவனுக்குத் தெரியாதா? பக்கத்துல படுத்தவங்கள நெருக்கித் தள்ளிட்டு மொத்தப் பாயையும் எடுத்துக்குவா. இப்பவும் பாரு, அதே படுக்கைதான்."

துர்காவுக்கு இதற்கு மேலும் ஏமாற்ற மனம் ஒப்பவில்லை.

"அய்யா, அவங்க தை மாசமே போயிட்டாங்க. என் தப்புதான். நீங்க பாக்கறது கொரங்கு செல்லு."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"கொரங்கா?" என்றார் கடைசியில். "படிச்ச பொண்ணு சொல்ற. அப்ப தெவசம் குடுத்துட வேண்டியதுதான்."

கைப்பிடியில் சுற்றிய பூவை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத் தலைவி ஸமீஹா மேடம் ஒரு காகிதத்தோடு வேகமாக வந்தார்.

"துர்கா, குரங்கு செல் ஏன் இப்படித் தாறுமாறா வளருதுன்னு டெஸ்டுக்கு அனுப்பினேன்ல? ரிசல்ட் வந்துடுச்சு. உண்மையச் சொல்லு. ஒரு செல்லுக்குச் சத்துத் தண்ணி ஊத்தற பாட்டில்லேர்ந்து இன்னொண்ணுக்கும் ஊத்தினியா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பாட்டில்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

துர்கா நோட்டைப் புரட்டினாள். எல்லாவற்றையும் எழுதிவைக்கிற பழக்கம் அவளைக் காட்டிக்கொடுத்தது. பொங்கல் லீவுக்கு முந்தின சாயங்காலம், அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'அரியாங்குப்பம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. முதலில் 17, அப்புறம் குரங்கு. ஒரே பாட்டில்.'

"ஒரே ஒரு செல் அந்த பாட்டில்ல ஒட்டிக்கிட்டுப் போயிருந்தாப் போதும். புற்றுநோய் செல்லாச்சே, மத்ததையெல்லாம் மீறி வளந்துடும்" என்றார் மேடம்.

மணி பத்தேகால். இந்நேரம் கலியமூர்த்தி கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருப்பார்.

துர்கா காகிதத்தை வாங்கிப் படித்தாள். குரங்கு செல் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்குபேட்டரில் இருந்த பன்னிரண்டு குடுவைகளிலும் பார்வதிதான் இருந்தாள்.