காலிக் கட்டத்தில் பதினொரு விநாடி

இயந்திரம் நின்றது.

நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. ஏழாவது துளையில் டிரில் பாதி ஆழம் போய், மேலே வந்து, மறுபடி இறங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருந்தது.

பெட்டி பிரித்து மூன்று நாள்கூட ஆகாத புது இயந்திரம். அதில் ஓடியது என் மாப்பிள்ளை எழுதிய பழைய புரோகிராம். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவன். அவன் போய் ஆறு வருஷமாகிறது.

சர்வீஸ் இன்ஜினியர் பெண் திரையை முறைத்தார்.

“மேல வந்து எத்தனை செகண்ட் நிக்கணும்ங்கற கட்டம் காலியாத்தான் சார் இருக்கு. காலியா விட்டா பழைய மிஷின், செட்டிங்ல இருக்கற நம்பரை எடுத்துக்கும். இது ஜீரோன்னுதான் எடுத்துக்கும். நிக்கவே கூடாது.”

நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றில் டிரில் இறங்கியது.

பதினொன்று மாப்பிள்ளையின் எண். அந்த ஆழத் துளையில் இரும்புச் சீவல் சுருள் சுருளாக அடைத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் டிரில் ஒடியும். கொக்கி தேடப் பொறுமை இல்லாத மனுஷன், கதவைத் திறந்து அந்தப் பதினொரு விநாடிக்குள் வெறுங்கையால் வழித்துப் போடுவான். ஓடும்போது திறக்க விடாத பழைய இயந்திரக் கதவின் பூட்டை நாங்கள்தான் வேலை செய்யவிடாமல் பண்ணி வைத்திருந்தோம்.

பதினொரு விநாடியைப் புரோகிராமில் எழுதினால் ஆபீஸில் பார்த்து வெட்டிவிடுவார்கள். அதனால் கட்டத்தைக் காலியாக விட்டு, எண்ணை இயந்திரத்தின் செட்டிங்கில் ஒளித்துவைத்தான்.

அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். இன்னொருவன் நான்.

எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. விளையாட்டு மட்டும் உண்டு. அவன் என் ஷூவில் கிரீஸ் அப்பினான். நான் அவன் பிளாஸ்கில் டிரில்லைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஊற்றினேன்; பார்க்கப் பால் மாதிரியேதான் இருக்கும். அவன் என் சைக்கிள் சீட்டைப் பின்பக்கம் திருப்பி வெல்டு வைத்தான். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன், போன இடமெல்லாம் வந்த இடமாகவே தெரிந்தது.

முறை மட்டும் தவறியதில்லை. ஒருவன் செய்தால் அடுத்தது மற்றவன்.

“பேரன் பேத்தி எடுத்தாலும் உங்க ரெண்டு பேருக்கும் புத்தி வராது” என்பாள் தங்கை.

ஒரு நாள் அந்தப் பதினொன்று ஜீரோவாகியிருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல் கையை விட்டான். சட்டைக் கையை டிரில் சுற்றி இழுத்துக்கொண்டது.

விசாரணைக்கு வந்தவர்கள், கரன்ட் போய்ப் போய் வந்ததில் செட்டிங் அழிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். தங்கையும் அதையே நம்பினாள். இன்றைக்கும் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறாள்.

இரண்டாவது இரும்பை மாட்டி ஓட்டினோம்.

ஏழாவது துளை. டிரில் மேலே வந்தது. நின்றது. சீவல் துளையின் வாயில் பந்தாக அடைத்திருந்தது.

டக்.

ஓடும்போது திறக்கவே முடியாத புதுக் கதவு, தானாக ஒரு சாண் விலகியது.

“சார், கிட்ட போகாதீங்க!”

பழக்க தோஷம். என் கை என்னைக் கேட்காமலே உள்ளே போயிருந்தது. வெளியே இழுத்தேன், வரவில்லை. எதுவும் பிடித்திருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழு.

அன்றைக்கு ஜீரோ போட்டது விளையாட்டுக்குத்தான். திடுக்கிட்டுக் கத்துவான், கெட்ட வார்த்தையில் திட்டுவான், பிறகு சேர்ந்து டீ குடிப்போம் என்றுதான்.

எட்டு.

விரல் நுனியில் காற்று பட்டது, யாரோ சிரிப்பை அடக்குவது போல விட்டு விட்டு.

ஒன்பது.

கடைசியாகச் செய்தது நான்.

அடுத்தது அவன் முறை.