பனி பிடிக்காத பானெட்

டப்போ ஊர் எல்லையில் காலை ஏழு மணி. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. வெர்னின் முற்றத்தில் நிற்கும் டிராக்டர் மேலும் பனி. அவர் விற்க நிறுத்தியிருக்கும் பழைய டீசல் பிக்கப் வண்டியின் பானெட்டில், அந்த என்ஜின் மூடியில் மட்டும் பொட்டுப் பனி இல்லை. வாங்க வந்த மாரீன் அதன்மேல் கையை வைக்கிறாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் ஆக்கிப்போட்டுக் காய்த்த கைக்கே சுடுகிறது. "நான் வர்றவரைக்கும் கிளப்பாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேனே, வெர்ன்." "சும்மா ஒரு சுத்து போனேம்மா. நாலு சக்கரமும் இழுக்கும், மலையையே இழுக்கும்." "மலை கெடக்கட்டும். என் வீட்டை இழுக்கணும்." அவள் குடியிருக்கும் கேரவன் என்ற சக்கர வீடு திங்கட்கிழமைக்குள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த கொட்டகையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். சூட்டில் எந்தக் கிழட்டு டீசலும் நல்லபிள்ளையாகக் கிளம்பும். நடுவழியில், விடியற்காலைக் குளிரில்தான் அதன் குணம் தெரியும். "பொம்பளைக்கு இவ்வளவு சந்தேகமா?" என்று வெர்ன் சிரிக்கிறார். மாரீன் அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போடுகிறாள். கவிழ்ந்து கிடக்கும் வாளியை இழுத்துப் போட்டு வண்டிக்கு முன்னால் உட்காருகிறாள். "ஆறட்டும்." "சாயங்காலம் ஆயிடும்மா." "நாளைக்குக் காலைல இதுமேல பனி பிடிக்கிறவரைக்கும் இருப்பேன். அப்புறம் கிளப்பிக் காட்டுங்க."