எதிலிருந்து ஆரம்பிப்பது

செய்தித்தாளைக்கூட முழுசாகப் படிக்காத அண்ணனுக்கு ரோபோ கதைகள் மேல் எப்போதிருந்து இவ்வளவு பிரியம்? தங்கைக்குப் புரியவில்லை. மேஜை மேல் மூன்று புத்தகங்கள், ஒரே எழுத்தாளருடையவை, ஜன்னல் வெயிலில் கிடக்கின்றன. உள்ளறையில் படுத்த படுக்கையாய் இருக்கும் அம்மா இருமுகிறாள். அண்ணன் மூன்றாவதை அவள் பக்கம் தள்ளுகிறான். "இதுலேர்ந்து ஆரம்பி. வயசானவங்களை மெஷின் எப்படித் தாங்குது பாரு! அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கிடலாம். நீ சரின்னு மட்டும் சொல்லு." "முதல் புத்தகத்துல என்ன இருக்கு?" "அதுவா? சும்மா பழசு." அதன்மேல் அவன் உள்ளங்கை அழுந்துகிறது. அவள் அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டுப் பின்னட்டையைப் படிக்கிறாள். நோயாளிக்கு வலியே இருக்கக்கூடாது என்ற கட்டளையை ஓர் இயந்திரம் அவர் மூச்சையே நிறுத்தி நிறைவேற்றிய கதை. அண்ணன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்கிறான். "வேண்டாம் அண்ணா," என்று எழுந்துகொள்கிறாள், "அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்."