குதிரை நுழைந்த குடும்பம்

மாமனார் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். சாப்பாட்டு மேஜை அடங்கியதும், நாட்டு மக்களுக்கு உரையாற்றும் தோரணையில் எழுந்து நின்றார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம பரம்பரைக்குள்ள ஒரு குதிரை நுழைஞ்சிடுச்சு."

எல்லாக் கண்களும் மாப்பிள்ளையைப் பார்த்தன. மாப்பிள்ளை தன் தட்டைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். அடுத்த தெரு சூப்பர் மார்க்கெட்டில் 'சுத்தமான மாட்டிறைச்சி' என்று ஒட்டி விற்ற கட்லெட்டில் பாதிக்குப் பாதி குதிரை என்று சோதனைச்சாலை சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கே பித்தம் தலைக்கேறியிருந்தது. மாடி வீட்டுக்காரர் தூக்கத்தில் தனக்குக் கால் உதறுகிறது என்றார். சலவைக்கடைக்காரி முதல் வாயிலேயே சந்தேகம் தட்டியது என்றாள். அந்தச் சந்தேகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இரண்டு வருடம் சாப்பிட்டிருக்கிறாள். நேற்றுவரை மாட்டைக் கூசாமல் மென்றவர்கள், இன்று குதிரையின் கண்ணை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள்.

ஆனால் அந்தக் குதிரை மேல் மாமனார் அளவுக்கு யாரும் ஏறி உட்காரவில்லை.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து வயது மகளுக்குப் பசி வந்து, பின்னாலேயே தூக்கமும் வந்திருக்கும். அவசரத்துக்குக் கைகொடுத்தது அந்தக் கட்லெட். அந்தக் குற்றத்துக்குத்தான் இன்று விசாரணை.

"பெத்த புள்ளைக்குக் குதிரையைப் போட்டு வளர்க்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் மாமா? அட்டையில மாடுன்னுதானே போட்டிருந்துச்சு."

"அட்டையைப் பார்த்துத் திங்கிறவனுக்கு நாக்கு எதுக்கு மாப்ள? நான் அந்தக் கடை வாசப்படியை மிதிச்சதே இல்ல. செத்தாலும் மிதிக்க மாட்டேன்."

தட்டிலிருந்த ஒரு கட்லெட்டை எடுத்து, கோயில் பிரசாதம்போல் உயர்த்திக் காட்டினார். "இது கட்லெட். கையால கொத்தி, கையால பிசைஞ்சு, கையால தட்டினது."

மற்ற நாட்களில் வெந்நீர்கூட வைக்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சமையலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். பரம்பரைப் பக்குவமாம், மாமியாருக்கே உள்ளே அனுமதி கிடையாது.

"அவசரத்துக்கு வாங்கினதுப்பா. அதுக்குப் போய் இந்தப் பேச்சா?" என்றாள் மாப்பிள்ளையின் மனைவி.

"எது அவசரம்? டப்பாவைப் பிரிச்சா மூணு கட்லெட் அடித்தாளோட ஒட்டிக்கிட்டு வராது. கத்தி முனையால நெம்பி எடுக்கிறதுக்குள்ள எண்ணெய் புகைஞ்சு வீடே நாறிடும். அவசரமாம், அவசரம்! சோம்பேறித்தனம்னு சொல்லு!"

உண்மைதான், ஒட்டத்தான் செய்யும். மாப்பிள்ளை தன்னையறியாமல் தலையாட்டினான். ஆட்டிய தலையை உடனே நொந்துகொண்டான்.

பிறகு தீர்ப்பு வந்தது.

"பேத்தி இனிமே இங்கதான் வளருவா. பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டு, நல்ல சாப்பாடா ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போங்க."

வெறும் பேச்சில்லை. உள்ளறையில் குழந்தைக்குப் புதுக் கட்டில்கூட வந்து இறங்கியிருந்தது. மனைவியின் கண் கலங்கியது. மாப்பிள்ளை தட்டிலிருந்த கட்லெட்டைச் சிறுசிறு துண்டாக்கிக்கொண்டிருந்தான். பெற்ற மகளுக்குக் குதிரை போட்டவன் என்று ஆன பிறகு எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது?

"விடுங்க மாப்பிள்ளை, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமியார் தேற்றினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கே அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

வாசலில் மணி அடித்தது. தப்பித்தோம் என்று எழுந்து போய் மாப்பிள்ளை கதவைத் திறந்தான். சூப்பர் மார்க்கெட்டின் பெண் கிளை மேலாளர் சீருடையோடு நின்றிருந்தார். கையில் ரிப்பன் கட்டிய பழக்கூடை.

"தலைமை அலுவலகத்து உத்தரவு சார். கட்லெட் வாங்கின முக்கியமான வாடிக்கையாளர்களை வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்காங்க."

மாப்பிள்ளை கதவைப் பாதி சாத்தினான். மாமனார் வீடு வரைக்குமா மோப்பம் பிடித்து வருவார்கள்?

"மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், இங்க வேணாம்" என்று கிசுகிசுத்தான். "நாளைக்குக் கடைக்கே வந்து மன்னிச்சிடுறேன்."

"யாரு மாப்ள அது?"

"சூப்பர் மார்க்கெட்லேருந்து, மாமா..."

"ஒண்ணும் வேணாம்னு சொல்லு! கதவைச் சாத்து முதல்ல!"

அருவருப்பில் மாமனாருக்குக் குரலே கீச்சென்று ஆகிவிட்டதாக மாப்பிள்ளை நினைத்தான். அதற்குள் மாமியார் வாசலுக்கு வந்து மேலாளரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"நீ வாம்மா உள்ள. குதிரை தின்ன குடும்பம் எப்படி இருக்கும்னு நீயும் பார்க்க வேணாமா? கூடையை இவர்கிட்ட குடு. எங்க மாப்பிள்ளைதான் நீ தேடுற ஆளு."

மேலாளர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி நடந்து, மாமனாரின் தட்டுக்குப் பக்கத்தில் கூடையை வைத்துக் கைகூப்பினார்.

"எங்க கடையிலேயே இந்தக் கட்லெட்டை அதிகமா வாங்கினது நீங்கதான் சார்."