இடது பக்கம்

"ஏலே மாதவா, இன்னைக்கு நீ லெஃப்ட் பேக்ல, பின்னால நின்னு தடு. முன்னால கார்த்தி ஆடட்டும்."

மாதவனின் முகம் கறுத்துப்போனது. "சார், எப்பவும் கோல் அடிக்கது நாந்தான?"

"சொன்னதச் செய்லே!"

கார்த்திகேசன், கோச் அய்யாத்துரையின் மகன். சென்னை ஃபுட்பால் கிளப்புக்கு ஆள் எடுக்க வந்த விஜயராஜ் வேலியோரம் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒருவனைத்தான் கூட்டிப்போவார். போகிறவனுக்கு வேலை நிச்சயம். இல்லையென்றால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கூலிவேலைதான்.

கரிசல் புழுதி பறக்க ஆட்டம் நடந்தது. தட்டுத் தடுமாறி கார்த்தி ஒரு கோல் அடித்துவிட்டான். அய்யாத்துரைக்கு உயிர் வந்தது. ஆத்திரத்தில் இருந்த மாதவனோ பின்னால் நிற்கவே இல்லை. பந்தோடு எதிர்க்கோல் வரை ஏறி ஓடுவதும், அய்யாத்துரை கத்தியதும் திரும்ப ஓடிவருவதுமாக இருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் விஜயராஜ் எழுந்து வந்தார்.

"அந்த லெஃப்ட் பேக் பையன எடுத்துக்கிறேன் சார்."

அய்யாத்துரை பதறினார். "கோல் அடிச்சது எம்மவன்லா!"

"கோல் அடிக்க எங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்க. எங்க ஆட்டத்துக்கு, பின்னாலேருந்து ஏறி வர்ற பையன்தான் வேணும். ரெண்டு வருஷமா ஊர் ஊராத் தேடுறேன்."

மாதவனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

புழுதி அடங்கியபின் கார்த்தி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"யப்பா, நாலு வருஷமா லெஃப்ட் பேக்ல நின்னது நாந்தான? ஏறி ஓடும்போதெல்லாம் நீங்க ஏசுவியள்லா?"